ரீபூட் பட்டன்லேருந்து கையை எடுங்கப்பா!

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல போன மாசம் புடுங்குன ஒரு ஆணி இன்னும் குத்திக்கிட்டே இருக்கு. அந்த வயித்தெரிச்சல்தான் இது.

எங்க லினக்ஸ் சர்வர் ஒண்ணு திடீர்னு மூச்சு வாங்குச்சு. பாத்தா 'கேஸ்வாப்டி0'ன்னு ஒரு ப்ராசஸ் சிபியூவை மொத்தமா தின்னுக்கிட்டு இருக்கு. இந்தப் பேர்ல கெர்னலுக்கே ஒண்ணு உண்டு, ஆனா அது ரூட் பேர்ல ஓடும். இது சாதாரண யூசர் பேர்ல ஓடுது. எவனோ உள்ள பூந்து நம்ம கரண்டுல கிரிப்டோ காசு தோண்டுறான்!

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள மேனேஜர், "ஃபார்மேட் அடிச்சுட்டு நேத்து பேக்கப்பைப் போடுப்பா, கஸ்டமர் கத்துறார்"னுட்டார். போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. 12 நாள் கழிச்சு அதே பேர், அதே ஆட்டம். அவனோட எஸ்எஸ்ஹெச் சாவி பேக்கப்லயே சமர்த்தா உக்காந்திருக்கு. திருடனுக்கு நாமளே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆச்சு.

ஏன் சாமி, இவ்ளோ அவசரம்? புரோகிராம் ஃபைலை அவன் டிஸ்க்லேருந்து அழிச்சிருந்தாலும், அது ஓடுற வரைக்கும் ப்ராக் டைரக்டரி வழியா முழுசா காப்பி எடுத்துடலாம். எந்த ஐபியோட பேசுறான்னும் பாத்துடலாம். ரீபூட் பண்ணா எல்லாம் அம்பேல். சீக்கிரம் அழியறதை முதல்ல எடுன்னு 2002லயே ஆர்எஃப்சி 3227ல எழுதி வெச்சுட்டாங்க. யார் படிக்கிறா?

இன்னொரு கோஷ்டி இருக்கு. பாஷ் ஹிஸ்டரியைப் பாத்துட்டு "ஒண்ணும் இல்லையே"ம்பாங்க. அதை அழிக்க ஒரு வரி போதும். அந்த மெஷின்ல இருக்குற 'பிஎஸ்', 'எல்எஸ்' கமாண்டையே மாத்தி வெச்சிருப்பான், அதை வெச்சே அவனைத் தேடுவாங்களாம்!

2003 நவம்பர்ல டெபியனோட நாலு சர்வருக்குள்ள ஒருத்தன் பூந்தான். ரெண்டு மெஷின்ல ஒரே நேரத்துல கெர்னல் 'ஊப்ஸ்' வந்ததுல சந்தேகம். திருடின பாஸ்வேர்டுல சாதாரண யூசரா நுழைஞ்சவன் ரூட் ஆனது எப்படி? அவங்க டிஸ்க்கை இமேஜ் எடுத்துக் குடைஞ்சாங்க. என்க்ரிப்ட் பண்ணின ஒரு பைனரி சிக்குச்சு. அதை உடைச்சுப் பாத்தா, லினக்ஸ் கெர்னல்லயே, 'பிரேக்' சிஸ்டம் கால்ல ஓட்டை! ஃபார்மேட் அடிச்சுட்டுப் போயிருந்தா அவங்களுக்கு எங்க தெரிஞ்சிருக்கும்?

கஸ்டமர் காத்திருக்கார்ங்கறது நியாயம்தான். வேற மெஷின்ல அவர் வேலையை ஓட்டுங்க, பழசை இமேஜ் எடுங்க. ஃபார்மேட் வேணாம்னு நான் சொல்லலை, கடைசியில அதான் வழி. கடைசியில!

நம்ம ஊர் செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துல தகவல் சொல்லணும், லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும். இதைச் சொன்னப்போ மேனேஜர் பாத்த பார்வை இருக்கே...

ரெண்டாவது தடவை கஸ்டமர் நேரா கேட்டுட்டார்: "எங்க டேட்டாவை எடுத்தானா, இல்லையா?" மேனேஜர் அனுப்பின மெயில்ல, "திருடுபோனதற்கு எந்த ஆதாரமும் இல்லை"ன்னு இருந்துச்சு. பொய் இல்லீங்க. ஆதாரத்தை ஃபார்மேட் அடிச்சது நான்தானே.