ஒரு சனிக்கிழமையும் ஒரு நூலகமும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்குப் பணியேற்கச் சென்றுவிட்ட பேராசிரியரைப் பற்றி நம்மிடம் இரண்டு தீர்ப்புகளே உள்ளன. டாலருக்காக மண்ணை விட்டவர் என்போம். அல்லது தமிழை உலகறியச் செய்தவர் என்போம். இரண்டும் அவசரத் தீர்ப்புகள்.

ஏ.கே. ராமானுஜனை எண்ணிப் பார்ப்போம். 1929இல் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என வளர்ந்தவர். பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு 1959இல் அமெரிக்கா சென்றார். 1962இல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடிச் சென்றவர் கையில் உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. அலமாரிகளுக்கிடையே தரையில் அமர்ந்து புரட்டினார். உரை அவருக்குப் புரிந்தது. உரையின் வழியே பாடல்களும் திறந்துகொண்டன. 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்தது.

ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியவரின் பதிப்பு அது. அதைச் சிகாகோவில் கண்டெடுக்க நேர்ந்ததை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. சிகாகோ அவருக்குக் கொடுத்தவை இரண்டு: ஓய்வான ஒரு சனிக்கிழமை, தடையின்றி உலவ ஓர் அலமாரி வரிசை. நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் சீட்டில் நூலெண் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இலக்கணம் கேட்டவர்க்கு இலக்கணம் வரும், அல்லது 'இல்லை' என்ற விடை வரும். தேடாத குறுந்தொகை ஒருநாளும் வராது. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளும் கௌரவ விரிவுரையாளர்க்கு அந்தச் சனிக்கிழமையும் வாய்ப்பதில்லை.

இழப்பே இல்லை என்று நாம் வாதிடவில்லை. சங்கப் பாடல்களைப் பற்றி ராமானுஜன் எழுதியவை பெரிதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவர் பெயரையே கேட்டறியாமல் தமிழ் முதுகலை முடிக்கும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அறிஞர் ஒருவர் வெளியேறும்போது நம் வகுப்பறை இழப்பது இதைத்தான்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கென 60 லட்சம் டாலர் திரட்டும் பணி 2018இல் நிறைவேறியது. தமிழக அரசும் 10 கோடி ரூபாய் வழங்கியது. நாமும் மகிழ்ந்தோம், அதில் பிழையில்லை. ஆனால் அதே ஆர்வத்தோடு நம் ஊர்க் கல்லூரி நூலகத்திற்காக நம்மில் எத்தனை பேர் கையேந்தினோம்?

போனவரை ஏசுவதையும் ஏத்துவதையும் சற்றே நிறுத்துவோம். பூட்டிய அலமாரிகளை மாணவர்க்குத் திறந்துவிடுமாறு முதலில் நம் நிர்வாகங்களிடம் கேட்போம்.