திரும்ப அழைப்பது கேவலமா?



நம் குடும்பக் குழுவில் ஒரு மாப்பிள்ளை, டெஸ்லா கார்களைத் திரும்ப அழைத்த பழைய செய்தியைப் போட்டு, "அமெரிக்கக்காரன் வண்டியும் டப்பாதான்" என்று சிரித்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2022 பிப்ரவரியில் 26,681 கார்களில் முன்கண்ணாடிப் பனியை நீக்கும் வெப்ப அமைப்பு சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அறிவித்தார்கள். மென்பொருளை அனுப்பியே சரிசெய்தார்கள். அதனால் யாருக்கும் காயம்கூட இல்லை என்றார்கள்.

நம் கதை? அடுத்த மாதமே வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்ட மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் 13 வயது மகளும் இறந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயசு. ஏப்ரலில்தான் ஒகினவா 3,215, ஓலா 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தன. அழைத்தது கம்பெனிகள், அரசு அல்ல. கட்டாயப்படுத்த 2021 ஏப்ரலிலிருந்தே விதி இருக்கிறது, 1 கோடி வரை அபராதமும் உண்டு. யாருக்காக அதைப் பூட்டி வைத்தார்கள்?

விடைத்தாளைக் கொடுக்குமுன் தப்பை அடித்துத் திருத்துகிற பையனை நான் திட்டியதே இல்லை. மறைத்தவனைத்தான் பெஞ்ச் மேல் ஏற்றினேன்.

கீழப்பழுவூரில் நம் தெருவிலேயே கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். வண்டி வாங்கிய பிள்ளைகள் நாளைக்கே சேஸிஸ் எண்ணோடு ஷோரூமுக்குப் போய்க் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.