நல்ல கொலஸ்ட்ரால் குறைவா? கேப்ஸ்யூல் வாங்கும் முன் இதைப் படிங்க!

கடந்த மாதம் அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை செய்தோம். ரிப்போர்ட்டை முதலில் பிரித்தது நான்தான். மொத்தக் கொலஸ்ட்ரால் 178. "சூப்பர்ப்பா, 200-க்குக் கீழதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஹெச்.டி.எல் 33. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. ட்ரைகிளிசரைடு 210. அதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி.

"நாளையிலேருந்து இந்த வீட்டுல எண்ணெயே கிடையாது" என்றார் அம்மா. அப்பாவோ, நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும் என்று வாட்ஸ்அப்பில் வந்த கேப்ஸ்யூல் விளம்பரத்தைக் காட்டினார். இரண்டுமே சரியான வழி இல்லை என்பது, இந்த வாரக் கட்டுரைக்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

ஹெச்.டி.எல் என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தனியாகப் போகாது. புரதத்தோடு சேர்ந்த சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். எல்.டி.எல் என்ற பொட்டலம் அதிகமானால் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். ஹெச்.டி.எல், அப்படித் தேங்கும் கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்துப்போகும். அதனால்தான் அதற்கு 'நல்ல' என்ற பெயர். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழும், பெண்களுக்கு 50-க்குக் கீழும் இருந்தால் குறைவு.

நம்மில் பலருக்கும் இதுதான்

தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகரில் நடந்து 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் சுமார் 14 சதவிகிதம். ஹெச்.டி.எல் குறைவாக இருந்தவர்கள் சுமார் 72 சதவிகிதம்! பரம்பரையும் ஒரு காரணம். கூடவே தட்டு நிறையச் சோறு, சர்க்கரை, தொப்பை, உட்கார்ந்தே செய்யும் வேலை. இவை ட்ரைகிளிசரைடை ஏற்றும். அது ஏறினால் பெரும்பாலும் ஹெச்.டி.எல் இறங்கும்.

அம்மாவின் திட்டத்தில் இருந்த சிக்கலும் இதுதான். எண்ணெயை அறவே நிறுத்தி, அந்தப் பசிக்குக் கூடுதலாகச் சோறு சாப்பிட்டால் ஹெச்.டி.எல் இன்னும் குறையலாம்.

கேப்ஸ்யூல் ஏன் வேண்டாம்?

டோர்செட்ராபிப் என்ற மருந்து ஹெச்.டி.எல்-ஐக் கிடுகிடுவென உயர்த்தியது. ஆனால், சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் மருந்து எடுத்தவர்களிடம் மரணமும் மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகளும் அதிகமாக இருந்ததால், 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எண் ஏறினால் மட்டும் இதயம் பிழைத்துவிடாது. எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம்.

தேங்காய் எண்ணெய்க்கும் இதே கணக்கு. ஹெச்.டி.எல்-ஐக் கொஞ்சம் உயர்த்தும், கூடவே எல்.டி.எல்-ஐயும் உயர்த்திவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

* நடை: வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். இதனால் ஹெச்.டி.எல் சராசரியாக 2, 3 புள்ளிதான் ஏறும். ஆனால், அதே நடை ட்ரைகிளிசரைடு, சர்க்கரை, பிரஷர், தொப்பை எல்லாவற்றையும் குறைக்க உதவும்.
* தட்டு: சோறு ஒரு கரண்டி குறையட்டும். அந்த இடத்தில் காய், பயறு, சுண்டல் வரட்டும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை.
* எண்ணெய்: கடலை எண்ணெய், நல்லெண்ணெய் அளவாக இருக்கட்டும். வனஸ்பதியில் செய்த பேக்கரிப் பண்டங்களும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம்.
* மீன்: அசைவம் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு முறை மத்தி, அயிலை சேர்க்கலாம். வறுவலைவிடக் குழம்பு நல்லது. இது ட்ரைகிளிசரைடுக்கு நல்லது.
* சிகரெட்: விட்ட சில வாரங்களிலேயே ஹெச்.டி.எல் ஏறத் தொடங்கும்.
* மது: இதுவும் ஹெச்.டி.எல்-ஐ உயர்த்தும் என்பது உண்மை. அதற்காகக் குடிக்க ஆரம்பிக்காதீர்கள். கல்லீரலும் ட்ரைகிளிசரைடும் கெடும்.

டாக்டர் ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்திருந்தால், நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்.டி.எல்-ஐக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வேலை.

எங்கள் வீட்டில்...

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "சிகரெட் உண்டா?" அப்பா என்னைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. டீக்குப் பிறகு ஒன்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வெளியே வந்ததும், "அந்த கேப்ஸ்யூலை ஆர்டர் பண்ணிடாதே" என்று மட்டும் சொன்னார். இப்போது மாலை டீக்குப் பிறகு இருவரும் நடக்கப் போகிறோம். டீக்கடைப் பக்கம் போகாத தெருவாகப் பார்த்து அவர்தான் வழி சொல்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். 33 என்பது 36 ஆனாலே எங்களுக்குச் சந்தோஷம்தான்.

உங்கள் வீட்டு ரிப்போர்ட்டையும் இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலோடு நின்றுவிடாமல், அடுத்த வரியையும் படியுங்கள்.