'பம்பு போச்சு'ங்கறது ஒரு பதிலா?

"வண்டி சில நேரம் இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்று பழைய டீசல் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாடியே தீர்ப்பு வந்துவிடும். "பம்பு போச்சு."

எப்படிண்ணே தெரியும்? பிரஷர் பாத்தீங்களா? டீசல் வருதான்னு பாத்தீங்களா? மலை ஏறும்போது மட்டும் போகுதா, சமதரையிலயும் போகுதான்னு கேட்டீங்களா? ஒண்ணும் கிடையாது. "இருவது வருச அனுபவம் தம்பி, சத்தத்தை வச்சே சொல்லிருவேன்." அந்த நேரத்தில் வண்டி சூப்பராக ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் பெரிய காமெடி. வராத கோளாறோட சத்தத்தை எங்கேர்ந்து கேட்டார்னு தெரியவில்லை.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது பொட்டி தட்டி. அதனால் "ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு மெக்கானிக்கைக் குறை சொல்ல வந்துட்டான்"னு கிளம்பாதீங்க மக்களே. கோளாறு கண்டுபிடிக்கிறதுதான் எங்க பொழைப்பே. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் "எப்பவாச்சும் ஹேங் ஆகுது, அதனால சர்வரையே மாத்திடலாம்"னு சொன்னா, மேனேஜர் முதல்ல கேக்குற கேள்வி "லாக் பாத்தியா?" என்பதுதான். பாக்காம சர்வரை மாத்தினவனுக்கு அடுத்த வருசம் அப்ரைசல்ல என்ன கிடைக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் மட்டும் பாக்காமலே மாத்தலாம். அதுக்கும் காசு வண்டிக்காரன்தான் தரணும்.

சின்னமனூரில் இருக்கும் என் சித்தப்பாவின் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2007-ம் வருச வண்டி, மெக்கானிக்கல் பம்பு, டர்போ உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் இதே கதைதான். வாழைக்காயும் காய்கறியும் ஏத்திக்கிட்டு கம்பம், லோயர் கேம்ப் வழியா குமுளி ஏறி, கட்டப்பனை பக்கம் இறக்கிட்டு வரணும். அதுதான் குடும்பத்துக்கே சோறு.

லோயர் கேம்ப் தாண்டி மலையில் கொஞ்ச தூரம் ஏறினதும் மிதியை முழுசா அமுக்கினாலும் வண்டி முனகும், வேகம் குறையும், கடைசியில் நின்னுடும். ஓரங்கட்டி ஒரு பத்து நிமிசம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும். தினமும் அப்படி ஆகாது. வாரத்துல ரெண்டு நாள், மூணு நாள். பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா அவர் சமதரையில ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "நல்லாத்தானேண்ணே இருக்கு" என்பார். நம்ம ஊர் புரோகிராமர் "என் மெஷின்ல ஓடுதே" என்பான் பாருங்க, அதே டயலாக்.

அப்புறம் ஆரம்பிச்சது மாத்துற படலம். முதலில் டீசல் ஃபில்டர், 900 ரூபாய். அப்புறம் நாசில் சர்வீஸ், 6,500. அப்புறம் பம்பைக் கழட்டி தேனிக்கு அனுப்பி கேலிபரேஷன், 24,000. இந்த 24,000-க்குச் சித்தியோட வளையல் பேங்குக்குப் போச்சு. அதுக்கப்புறமும் குமுளி மலையில வண்டி நின்னப்ப வந்த அடுத்த தீர்ப்பு "டர்போ போச்சு", 18,000 ஆகும்னு. சித்தப்பா வண்டியையே வித்துடலாம்னு புரோக்கர்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டார்.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவை பார்ட் மாத்தினப்பவும் ஒரு நாள், ரெண்டு நாள் வண்டி நல்லாவே ஓடுச்சு! ஃபில்டர் மாத்தினார், ரெண்டு ட்ரிப் சரி. பம்பு மாட்டினார், நாலு ட்ரிப் சரி. "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல." விட்டு விட்டு வர்ற கோளாறோட குணமே இதுதான். நீங்க ஒண்ணும் செய்யாம வேப்பமரத்தடியில நிறுத்தி வச்சிருந்தாலும் அந்த நாலு ட்ரிப் நல்லாத்தான் ஓடியிருக்கும். எதை மாத்தினாலும் சரியானது மாதிரி தெரியும், அந்தப் பேரு கடைசியா மாத்தின பார்ட்டுக்குப் போகும். மூணு நாள் கழிச்சு மறுபடி நின்னா "இது வேற கோளாறு" என்று அடுத்த பில் போடலாம். மெக்கானிக் ஏமாத்துறார்னு நான் சொல்லல. அவரே அதை நம்புறார், அதுதான் இன்னும் மோசம்.

உண்மையில் வண்டி என்னதான் சொல்லுச்சு? வண்டிக்கு வாய் இல்லைன்னாலும் புகைக்குழாய் இருக்கே! இழுவை போறப்ப கரும்புகை கக்கினா காத்து பத்தலைன்னு அர்த்தம். ஏர் ஃபில்டரைப் பாருங்க, டர்போ ஹோஸ்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. புகையே இல்லாம சத்தமில்லாம சோர்ந்து போச்சுன்னா எரியறதுக்கு டீசலே வரல. சித்தப்பா வண்டியில புகை வரவே இல்லை. "டர்போ போச்சு"ன்னு சொன்னவர் இதைக் கேட்கக்கூட இல்லை.

பழைய டீசல் வண்டியில் டேங்கிலிருந்து சல்லடை, அங்கேர்ந்து நீளமான குழாய், அப்புறம் ஃபீட் பம்பு, ஃபில்டர், பெரிய பம்பு, கடைசியில் நாசில். இதுல ஃபீட் பம்பு வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அதுக்கு மேல தள்ளுற பக்கம். தள்ளுற பக்கம் ஓட்டை விழுந்தா டீசல் வெளியே ஒழுகும், குழந்தை கூடக் கண்டுபிடிச்சிடும். உறிஞ்சுற பக்கம் ஓட்டை விழுந்தா ஓடும்போது வெளியே ஒரு சொட்டு வராது, காத்துதான் உள்ளே போகும். பார்த்தா எல்லாம் காய்ஞ்சு சுத்தமா இருக்கும். பெரிய பம்பு பாவம், டீசலை அழுத்துறதுக்குப் பதிலா காத்தை அழுத்திக்கிட்டு இருக்கும். காத்து சுருங்கிக் கொடுக்கும், டீசல் அப்படிச் சுருங்காது. அழுத்தம் ஏறலைன்னா நாசில் ஊசி தூக்காது. ஊசி தூக்கலைன்னா இழுவை ஏது? இந்த லட்சணத்தில் ரெண்டாம் தடவை போட்ட பழைய காப்பர் வாஷர் ஒண்ணு, உள்பக்கம் உரிஞ்சு போன ரப்பர் ஹோஸ் ஒண்ணு, காத்து போற துளை அடைச்சுக்கிட்ட டேங்க் மூடி ஒண்ணு... இதுல எது இருந்தாலும் போதும், பாக்குறதுக்கு "பம்பு போன" மாதிரியே இருக்கும்.

அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாதியாப் பிரிச்சுத் தேடணும். எங்க ஏரியாவுல இதுக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் வச்சிருக்கோம். ஆனா எனக்கு இதைச் செஞ்சு காட்டினது எங்க ஊர் டிராக்டர் மெக்கானிக் பெரியவர் ஒருத்தர். அவர் எந்தக் காலேஜுக்கும் போனதில்லை. அஞ்சு லிட்டர் கேன்ல வடிகட்டின டீசலை நிரப்பி, பின்னாடி லோடு பாடியில அசையாமக் கட்டினார். டேங்கிலிருந்து வர்ற குழாயைக் கழட்டிட்டு கேன்லேர்ந்து நேரா ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்தார். திரும்பி வர்ற ரிட்டர்ன் குழாயையும் கேன்லயே விட்டார். "லோடோட மலை ஏறுங்க"ன்னார். ஒரு நாள் ஏறினா நம்ப மாட்டேன்னு அஞ்சு நாள் ஏறச் சொன்னார். (இது எங்க டெஸ்டிங் டீமுக்கே தெரியாத பாடம்!) அஞ்சு நாளும் வண்டி ஒரு தடவை கூட முனகல.

இதுக்கு அர்த்தம் புரியுதா? பம்பு, நாசில், ஃபில்டர், டர்போ எல்லாரும் ஒரே பரிட்சையில் நிரபராதி. அறுபது ரூபாய் ஹோஸ், நாப்பது ரூபாய் கிளிப். அந்த 24,000-த்துக்கு முன்னாடி இதைச் செஞ்சிருந்தா வளையல் கையிலயே இருந்திருக்கும்.

மறுபடி டேங்கையே மாட்டி, மூடியைத் தளர்த்தி விட்டு ஏறினார்கள். மூணாம் நாள் நின்னுச்சு, அப்ப மூடி காரணம் இல்லை. அடுத்து ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு அடி கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப் போட்டார். நின்ன உடனே இறங்கிப் பார்த்தால் உள்ளே காத்துக் குமிழ் ஒண்ணும் இல்லை, ஆனா டியூப் சப்பையா ஒட்டிப் போயிருந்தது. காத்து உள்ளே வரல, அதுக்குப் பின்னாடி எங்கேயோ அடைப்பு. டேங்கை இறக்கினார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலிதீன் துண்டு! எப்பவோ மூடி தொலைஞ்சப்ப யாரோ கேரி பேக்கை வாயில கட்டி ஓட்டியிருக்காங்க (நம்ம ஊர் தேசிய வழக்கம்). அது கிழிஞ்சு உள்ளே விழுந்து மிதந்துக்கிட்டு இருந்திருக்கு. மலையில டீசல் அதிகம் தேவைப்படும்போது போய்ச் சல்லடையில ஒட்டிக்கும். இன்ஜினை அணைச்சா உறிஞ்சல் நின்னு, விலகி மிதந்து போயிடும். பத்து நிமிச மர்மம் அவ்வளவுதான். டேங்கை இறக்கி ஏத்தக் கூலி 1,500.

சரி, மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டுப் போறது நியாயமா? இல்லை. நம்ம மேலயும் தப்பு நிறைய இருக்கு. அந்தப் பெரியவர் அஞ்சு நாள் கேன் வச்சு அலைஞ்சதுக்கு "பாத்ததுக்கு ஐநூறு கொடுங்க"ன்னு கேட்டா நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்? "என்னத்தை மாத்தினே? சும்மா பாத்ததுக்கு ஐநூறா?" என்போம். அதே ஆள் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டி "புது சாமான்"ன்னு சொன்னா 6,500-ஐ எண்ணிக் கொடுப்போம். யோசிக்கிறதுக்குக் காசு கிடையாது, சாமானுக்குத்தான் காசுன்னு நாமதான் சட்டம் போட்டு வச்சிருக்கோம். அப்புறம் பட்டறைக்காரர் எதை விப்பார்? சாமானைத்தான்!

"இதெல்லாம் பழைய வண்டிப் பிரச்சனை, புது வண்டில ஸ்கேனர் சொருகினா அதுவே சொல்லிடும்" என்று ஒரு கோஷ்டி வரும். வாங்க சாமிகளா. காமன் ரயில் வண்டில இதே பாலிதீன் போய்ச் சல்லடையை அடைச்சா ஸ்கேனர்ல பி0087-னு ஒரு கோடு வரலாம். ரயில்ல அழுத்தம் கம்மின்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். ஏன் கம்மின்னு அது சொல்லாது. அதைப் பார்த்துட்டு ஹை பிரஷர் பம்பையே மாத்துற ஆட்களும் இருக்காங்க, அங்க பில் இன்னும் பெருசு. ஸ்கேனர் தெர்மாமீட்டர் மாதிரி, காய்ச்சல்னு சொல்லும், டைஃபாய்டா டெங்குவான்னு சொல்லாது.

காசு போனா போகுதுன்னு விட்டுடலாம். ஆனா இது உயிர் விஷயமும்தான். பெரும்பாலான டீசல் பிக்கப்பில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இன்ஜின் சுத்தினாத்தான் கிடைக்கும். பல வண்டியில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கும் குட்டிப் பம்புதான் அதைக் கொடுக்குது. இன்ஜின் நின்னா மிச்சம் இருக்கிற வேக்குவத்துல ரெண்டு மூணு மிதி நல்லாப் பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லாயிடும். பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் கனத்துடும். குமுளி வளைவில் லோடோட, பின்னாடி பஸ் வர்றப்ப அந்த நிலைமையை நினைச்சுப் பாருங்க. "ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா டர்போ மாத்தலாம்"னு சொல்லி அனுப்புறவர் அந்த மலையில எதை வச்சுச் சோதிக்கச் சொல்றார்?

அதனால அடுத்த தடவை யாராவது "பம்பு போச்சு"ன்னா கோபப்படாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கேன் வச்சுப் பாத்துட்டீங்களாண்ணே?" பார்க்கலைன்னா, அதைப் பார்க்கிறதுக்கான கூலியை நீங்களே முன்னாடி பேசுங்க. பேரம் பேசாதீங்க. அதுக்கும் மாட்டேன்னார்னா சாவியை வாங்கிக்கிட்டு அடுத்த பட்டறைக்கு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: கேன் வைக்கிறேன்னு கிளம்புற புண்ணியவான்களுக்கு. கேனை கேபினுக்குள்ள வைக்காதீங்க, சைலன்சர் பக்கமும் வேண்டாம், மூடியில காத்துக்குச் சின்னத் துளை இருக்கட்டும். முக்கியமா, ஹோஸ்ல வாய் வச்சு டீசலை உறிஞ்சாதீங்க. வயித்துக்குப் போறதை விட நுரையீரலுக்குள்ள ஒரு வாய் போனா ஆஸ்பத்திரிதான். ஃபீட் பம்புல இல்லைன்னா ஃபில்டர் தலையில ஒரு கைப்பம்பு இருக்கும், அதை அடிச்சாலே டீசல் வந்துடும் :-)