பெயர் வந்தது... வேலை வந்ததா?



தேர்தல் வந்தாலே டி.வி.யிலும் பேப்பரிலும் 'காந்தி குடும்பம்' என்ற பேச்சுதான். மகாத்மா காந்தியின் வாரிசுகள் என்றே இன்றும் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் வந்த வழியைப் பார்த்தால், நம்ம வீடுகளில் நடக்கிற கதை மாதிரியே இருக்கிறது தோழிகளே!

கல்யாணம் ஆனதும் நம் பெயருக்கு முன்னால் இருந்த அப்பா இனிஷியல் போய், வீட்டுக்காரர் இனிஷியல் வந்து ஒட்டிக் கொள்கிறது அல்லவா? 1942-ல் நேருவின் மகளுக்கும் அதுதான் நடந்தது. பெரோஸ் காந்தியை மணந்து இந்திரா காந்தி ஆனார். பெரோஸ் ஒரு பார்சி. மகாத்மாவுக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் ஓட்டுப் போடுகிற கிராமத்துப் பாட்டியின் காதில் அது எந்தக் காந்தியாக விழுந்திருக்கும்? தேசப்பிதாவின் பெயர், நேருவின் மகள் என்ற பெருமை... இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கொண்டன.

இதில் காணாமல் போனவர் யார் தெரியுமா? அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான பெரோஸ்தான்!

1952-லும் 1957-லும் ரேபரேலியில் நின்று ஜெயித்தவர் அவர். மாமனார் பிரதமர் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குப் போனதை லோக்சபாவில் கிளப்பினார். அதனால் 1958-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. பார்லிமென்டில் பேசுவதைப் பத்திரிகைகள் பயமில்லாமல் போடலாம் என்று 1956-ல் ஒரு சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் அவரே. 1960-ல் இறந்து போனார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். எமர்ஜென்சி காலத்தில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி நடத்திய அரசாங்கம்! 1977-ல் ஜனதா ஆட்சி வந்துதான் அதைத் திரும்பக் கொண்டு வந்தது. ரேபரேலி தொகுதி மனைவி, மருமகள், பேரன் என்று வந்து சேர்ந்தது. பெயரும் வந்தது. ஆனால் அவர் போட்ட சட்டத்துக்கு அந்த வீட்டிலேயே இடம் இல்லாமல் போய்விட்டதே!

பக்கத்து நாட்டில் இதற்கு நேர்மாறு. பாகிஸ்தானில் பெனாசிர் பூட்டோ 1987-ல் ஆசிப் அலி சர்தாரியை மணந்தார். ஆனாலும் அப்பா பெயரான பூட்டோவை விடவில்லை. 1979-ல் தூக்கில் போடப்பட்ட அப்பாவின் பெயரோடுதான் 1988-ல் பிரதமரானார். 2007 டிசம்பரில் அவர் கொலையானார். மூன்றே நாளில் 19 வயது மகன் பிலாவலைக் கட்சித் தலைவராக்கி, 'பிலாவல் பூட்டோ சர்தாரி' என்று அறிவித்தார்கள். நம்ம வீட்டில் பிள்ளைக்கு அம்மா பெயரை இனிஷியலாகப் போட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், என்ன பாடு படுவீர்கள்! இலங்கையின் சந்திரிகாவோ பண்டாரநாயக்க, குமாரதுங்க என்று அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையுமே வைத்துக் கொண்டார்.

ஆக, சாதாரண வீட்டில் பெண்ணின் பெயர் புருஷன் பின்னால் போகிறது. அரசியல் வீட்டில் ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போகிறது. சம்பிரதாயம் எல்லாம் நமக்கு மட்டும்தான் போலிருக்கிறது!

பெயரோடு வருகிறவர்களுக்குத் திறமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய பெயர் இருந்தால் ஜெயித்து விடலாம் என்பதும் இல்லை. 1977-ல் ரேபரேலியிலேயே இந்திரா காந்தியைத் தோற்கடித்தவர்கள் நம்மைப் போன்ற ஜனங்கள்தான். அதே காந்தி பெயர் கொண்ட மேனகாவும் வருணும் பா.ஜ.க.வில் எம்.பி. ஆனார்கள். ஒரே பெயர் இரண்டு எதிர்க்கட்சிகளில் நின்றது என்றால், அந்தப் பெயருக்கென்று ஒரு கொள்கை எங்கே இருக்கிறது?

எனக்குள்ள கவலை வேறு. லோக்சபாவிலும் சட்டசபைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 2023-ல் சட்டம் நிறைவேறியது. சந்தோஷம்தான். ஆனால் அந்த நாற்காலிகளில் யார் உட்காரப் போகிறார்கள்? தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கும் பெண்ணா? இல்லை, பெரிய வீட்டு மகளும் மருமகளும்தானா? பஞ்சாயத்தில் தலைவி பெயரில் ஜெயித்துவிட்டு, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காருவதை நாம் பார்க்காததா?

மளிகைக் கடையில் பழைய பெயர்ப்பலகையைப் பார்த்தா அரிசி வாங்குகிறோம்? கையில் அள்ளி, கல் இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம். ஓட்டு கேட்டு வருகிறவரிடமும், "உங்க அப்பா, தாத்தா செய்தது சரி. அதில் எதை நீங்க காப்பாத்தினீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

கேட்போமா தோழிகளே?

- ஒரு வாசகி, விருதுநகர்.