கண் முன்னால் பொரித்தால் காய்கறி ஆகிவிடுமா?

தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலைக்குள் நுழைந்தால், காய்கறிக் கடை கண்ணில் படுமுன் சிப்ஸ் பொரிக்கிற வாசனை வந்துவிடும். கூடவே ஒரு நியாயமும் வரும். “பாக்கெட்ல வர்றதுதாங்க கெமிக்கல். இது கண்ணு முன்னாடி போடுறது, வெறும் உருளைக்கிழங்கு.” சேலையூரிலும் மேடவாக்கத்திலும் இதையே கேட்டிருக்கிறேன், கையில் கால் கிலோ கவரோடு நிற்கும் பெற்றோர் வாயால்.

முதலில் அந்தக் கெமிக்கல். சிப்ஸில் ஈரம் சுமார் 2 சதவீதம்தான். ஈரமில்லாத இடத்தில் பூஞ்சை வளராது. வெறும் உப்புச் சிப்ஸ் கெடாமலிருக்க மருந்தே வேண்டாம். பாக்கெட் உப்பியிருப்பது நைட்ரஜனால்; நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் அதுதான். பாக்கெட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் உள்ள கேடு கடாயிலும் அப்படியே இருக்கிறது என்கிறேன்.

பச்சை உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 80 கலோரி அளவில்தான் தேறும். சீவிப் போட்டதும் ‘சொய்’ என்று நுரைக்கிறதே, அது தண்ணீர் வெளியேறும் சத்தம். காலியான இடத்தில் எண்ணெய் குடியேறுகிறது. 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல். எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்கிற சமையல் எண்ணெயே 30 கிராமுக்குள். பொட்டாசியம் மிஞ்சும், மறுக்கவில்லை. அதற்கு அவித்த கிழங்கு போதாதா?

நிஜமான கெமிக்கல் ஒன்று உண்டு. கிழங்கிலேயே இருக்கும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சூடேறினால் அக்ரிலமைடு உருவாகும். புற்றுநோய் தரக்கூடியது என்று 1994-லேயே சந்தேகப் பட்டியலில் ஏறிய பொருள். பொரித்த உணவில் அது இருப்பதை 2002-ல் ஸ்வீடன்காரர்கள் சொன்னபோதுதான் உலகம் விழித்தது. யாரும் கலக்க வேண்டியதில்லை, கடாயே செய்துவிடும். சிவக்கச் சிவக்கக் கூடும். நாமோ “நல்லா சிவக்க எடுங்கண்ணே” என்று கேட்டு வாங்குகிறோம்.

எண்ணெய்க்கும் சட்டம் இருக்கிறது. காய்ந்து காய்ந்து சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. 2018 ஜூலை முதல் விதி. வழக்கமாக வாங்கும் கடையில் ஒருநாள் கேட்டேன்:

“எண்ணெய் எப்பண்ணே மாத்துவீங்க?”

புது பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, கறுத்துக் கிடந்த கடாயிலேயே ஊற்றிக்கொண்டு சொன்னார்: “மாத்துறது எங்க சார், குறையக் குறைய ஊத்திக்கிறதுதான்.”