வழக்குமன்றத்தில் சொன்ன சொல் யாருக்குச் சொந்தம்?

"நீதிமன்றத்தில் சொன்னது நீதிமன்றத்தோடு இருக்கட்டும், அதை ஏன் ஊருக்குள் கொண்டுவர வேண்டும்?" உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுத்த வழக்குகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவரிடையே இக்கேள்வி எழுகிறது. கேட்போர் தீயவர்கள் அல்லர். பெரும்பாலும் கண்ணியமானவர்கள், பிறர் மானத்தைத் தம் மானமாகக் கருதுவோர். ஆயினும், கேட்பவரின் நற்குணம் கேள்வியை நியாயமாக்கிவிடாது. அக்கேள்வியால் உண்மையில் எவருடைய மானம் காக்கப்படுகிறது என்பதை வாசக அன்பர்கள் நம்முடன் சேர்ந்து சற்றே ஆராய வேண்டுகிறோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை மறுத்தவர்கள் சத்தியம் செய்து கூறிய சொற்கள் மக்களுக்குச் சொந்தம். அவை தமிழில், எவரும் படிக்கும்படி வெளிவர வேண்டும். வேலை மறுக்கப்பட்டவரின் உடலும் மருத்துவச் சீட்டும் அவருக்கே சொந்தம்; அவருடைய இசைவின்றி அவற்றில் ஒரு வரியும் வெளிவரலாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும் இடத்தில்தான் அநீதி ஒளிந்துகொள்கிறது.

நம் திருப்பத்தூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. இதன் ஜவ்வாது மலைமீது புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உள்ளன. சாமை விளையும் மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை. விளைச்சல் வயிற்றுக்குப் போதாத ஆண்டுகளில் அங்குள்ளோர் பிழைப்புத் தேடிக் கீழே இறங்குகின்றனர். கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிலும் காலணித் தொழிலும் நடைபெறுகின்றன. அவற்றுள் நம்மவர் நடத்துபவை பல என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நெல்லிவாசல்நாட்டிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவனின் கை எந்திரத்தில் சிக்கி மூன்று விரல்கள் போயின என்று வைத்துக்கொள்வோம். காயம் ஆறியபின் திரும்பி வருகிறான். "இனி உன்னால் ஆகாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவன் வழக்குத் தொடுக்கிறான். மேலாளர் கூண்டிலேறி, அவனுக்குத் தரத்தக்க வேறு வேலை எதுவும் ஆலையில் இல்லை என்று சத்தியம் செய்கிறார். குறுக்கு விசாரணையில், அதே மாதத்தில் சரக்கு எண்ணவும் வாயிற்காவலுக்கும் புது ஆள் எடுத்ததை ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல் தாளில் ஏறுகிறது; தாள் கட்டுக்குள் போகிறது; கட்டு அலமாரியில் உறங்குகிறது. வழக்கு சமரசத்தில் முடிந்தால் தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படுவதும் இல்லை. மறு ஆண்டு அதே ஆலையில் இன்னொருவன் விரலிழந்தால், அவனுக்கும் அதே பதில் கிடைக்கும். முன்னவன் வாங்கிக்கொடுத்த உண்மை பின்னவனுக்குப் பயன்படாமல் போகும். இந்த இழப்பையா நாம் கண்ணியம் என்று அழைப்பது?

மலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குக் கேட்கும் மரபு உண்டு. அங்கே சொல்லப்படும் சொல் கூடியிருப்போர் அனைவர் காதிலும் விழும். எழுதப் படிக்கத் தெரிந்த நாமோ, சொல்லைத் தாளில் ஏற்றியபின் தாளை மறைப்பதற்கு நியாயம் தேடுகிறோம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம்மை மறுப்போர் 1966ஆம் ஆண்டு மிராஜ்கர் வழக்கைக் காட்டுவர். பம்பாயில் நடந்த ஓர் அவதூறு வழக்கில் சாட்சி சொன்ன வணிகர் ஒருவர், தம் சாட்சியம் பத்திரிகைகளில் வந்தால் வியாபாரம் கெடும் என்று முறையிட்டார். அதனை வெளியிட வேண்டாம் என்று நீதிபதி வாய்மொழியாக ஆணையிட்டார். உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவ்வாணையை நிலைநிறுத்தியது. தனித்து நின்று மறுத்தவர் ஒருவரே: பின்னாளில் தலைமை நீதிபதியாக விளங்கிய எம். ஹிதாயத்துல்லா. பெரும்பான்மையோர் கூறியதையே ஏற்றுக்கொண்டாலும் அதன் பொருள் என்ன? வெளிப்படையான விசாரணையே விதி. நீதியின் நலன் கருதி நீதிபதி தடுப்பது விலக்கு. நீதிபதியின் ஆணை இல்லாத இடத்தில் விதியே நிற்கும். ஊர்ப் பிரமுகர் ஒருவர் முகம் சுளிப்பது நீதிமன்ற ஆணை ஆகிவிடாது.

1994இல் நம் தமிழகத்திலிருந்தே ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடலாமா என்பது கேள்வி. ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அதே மூச்சில், நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் ஏறிவிட்ட செய்தியை வெளியிடுவதற்கு அவ்வுரிமையைக் காட்டித் தடை சொல்ல இயலாது என்றும் கூறியது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயர் போன்றவற்றை மட்டும் நாகரிகம் கருதி விலக்கி வைத்தது. வழக்கு நடவடிக்கையை நேர்மையாகவும் பிழையின்றியும் வெளியிடுவது அவமதிப்பு ஆகாது என்பதை 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும் ஏற்றுள்ளது.

ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு. ஏழைக்கு எட்டுவது வேறு. உயர்நீதிமன்ற ஆவணங்களை வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்க இயலாது, நீதிமன்றத்தின் விதிப்படி காரணம் காட்டி மனுச் செய்தே நகல் பெற வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை எழுதிய நீதிபதி ஆர். பானுமதி, ஒரு காலத்தில் நம் திருப்பத்தூரில் வழக்கறிஞராகப் பணிபுரிந்தவர். கதவு திறந்துதான் இருக்கிறது. எனினும் நெல்லிவாசல்நாட்டுக் கூலித் தொழிலாளி அதைத் தட்டுவதற்கு மலையிறங்கி, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும். ஆகவே, முறைப்படி நகல் பெற்றவர்கள் அதனைத் தமிழாக்கிப் பொதுவில் வைப்பது அடாத செயலன்று. அது அவனுக்குச் செய்யும் உதவி.

நிற்க. "இது புறம் பேசுதல் ஆகாதா?" என்று மார்க்கப் பற்றுடையோர் வினவுவர். வினா மதிக்கத்தக்கது, விடையும் நம் முன்னோர் நூல்களிலேயே உள்ளது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பிறர் குறையை எடுத்துரைப்பது ஆகுமான இடங்கள் ஆறு என வகுத்துள்ளார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்கு ஆளானவன் முறையிடுவது. தீங்கிலிருந்து பிறரை எச்சரிப்பதும் அவ்வாறனுள் ஒன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை ஏடுகளில் எழுதி உலகறியச் செய்தனர். சாட்சி சொல்வோரைச் சீர்தூக்குவது கடமை என்று கருதினர். எனினும் ஓர் எல்லை உண்டு. தேவை எவ்வளவோ அவ்வளவே அனுமதி. மேலாளரின் சத்தியத்தை எடுத்துரைப்பது தேவை. அவருடைய வீட்டுச் செய்தி தேவையன்று. மறைக்கப்பட்ட ஆள்சேர்ப்பை வெளியிடுவது தேவை; தொழிலாளியின் நோயை வெளியிடுவது தேவையன்று.

இந்த எல்லையை நீதிமன்றமும் கண்டுகொண்டுள்ளது. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கு வந்தது. எச்.ஐ.வி. கிருமி உடலில் இருப்பதாகக் கண்டு, வேலை செய்யும் வலிமை இருந்தும், அவருக்கு ஒரு பொதுத்துறை நிறுவனம் பணி மறுத்திருந்தது. தொழிலாளியின் பெயருக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் பதிலாக வெறும் எழுத்துகளே தீர்ப்பில் இடம்பெற்றன. தொழிலாளி வென்றார். நிறுவனத்தின் வாதமும் அதனை நீதிமன்றம் தகர்த்த விதமும் நாடெங்கும் படிக்கப்பட்டன. அந்த மனிதர் யார் என்பதை எவரும் அறிய வேண்டியிருக்கவில்லை. எச்.ஐ.வி. தொடர்பாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம், புனைபெயரில் வழக்கு நடத்தவும் அடையாளம் வெளிவராமல் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. ஒரு நோய்க்குக் கிடைத்த இந்தக் காவல் எல்லா உடற்குறைக்கும் மனநோய்க்கும் ஏன் எட்டலாகாது?

அமெரிக்காவில் சாட்சிகளின் வாக்குமூலம் விசாரணைக்கு முன்பே வழக்கறிஞர் அறைகளில் எழுதப்படுகிறது. அதைப் பொது விசாரணையின் பகுதியாகக் கருத வேண்டியதில்லை, தக்க காரணம் இருந்தால் வெளியீட்டைத் தடுக்கலாம் என்று 1984இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியது. 1990இல் அங்கே பிறந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஊழியரின் மருத்துவச் செய்தியைத் தனிக் கோப்பில் மறைவாக வைக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. நம் நாட்டிலோ அரசு வேலை வழக்குகள் பெரும்பாலும் ரிட் மனுக்களாக நடப்பதால், சத்தியப் பத்திரங்களே சாட்சியத்தின் இடத்தில் நிற்கின்றன. தொழிலாளர் நீதிமன்றத்தில் சாட்சி நேரே கூண்டேறுகிறார். எவ்வழியில் வந்தாலும் சத்தியம் சத்தியமே.

எல்லாவற்றையும் அள்ளி வீசுவோரையும் நாம் கண்டிக்கிறோம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் மருத்துவரின் குறிப்பையும் புகைப்படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பாருங்கள் அநீதியை" என்கிறார்கள். அநீதி செய்தவனின் சொல் அதில் ஒரு வரிகூட இராது. அநீதிக்கு ஆளானவனின் உடல் மட்டும் கைப்பேசிதோறும் சுற்றும். அப்பெண்ணின் திருமணப் பேச்சில், அவ்விளைஞனின் அடுத்த வேலைத் தேடலில், அந்தப் படம் வந்து நிற்கும். ஒருமுறை வெளியானதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. விடுதலையானவருக்கே இந்தப் பாடு என்றால், வெளியிடுவோர் முன்னரே எச்சரிக்கையாக இருப்பது கடமையன்றோ?

முறைப்படி வெளியிடுவதால் என்ன பயன்? 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் நம் மாநிலத்து வழக்கு ஒன்றைத் தீர்த்தது. நிறங்களைப் பிரித்தறிய இயலாத பொறியாளர் ஒருவருக்கு உதவிப் பொறியாளர் பணியை அந்நாளைய தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் மறுத்திருந்தது. நிறக்குறை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் அடங்கவில்லை. ஆயினும், தகுந்த வசதி செய்து கொடுத்து வேலை தரும் கடமையிலிருந்து நிறுவனம் நழுவ முடியாது என்று கூறி, அவரைப் பணியில் அமர்த்த நீதிமன்றம் ஆணையிட்டது. அவர் பெயர் தீர்ப்பில் உள்ளது. இங்கே எழுத வேண்டிய தேவை நமக்கு இல்லை. நிறுவனம் என்ன சொல்லி மறுத்தது, அது ஏன் நில்லாது போயிற்று என்பதே அடுத்துவரும் ஒவ்வொருவருக்கும் ஆயுதம்.

தகுந்த வசதி என்பது நமக்குப் புதிய சொல்லுமன்று. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பில் இருந்தார்கள். விடியலை அவர்களால் காண இயலாது. விடிந்துவிட்டது என்று அருகிலிருப்போர் சொல்ல, அவர்கள் பாங்கு ஒலித்தார்கள். பக்கத்திலிருப்பவர் சொல்லும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்த ஒரு சொல்லைச் செலவிட மனமின்றி, "ஆகாது" என்று கூண்டில் சத்தியம் செய்வோரை நாம் ஏன் மறைத்துக் காக்க வேண்டும்?

ஆகவே, செய்ய வேண்டியது இதுவே. சான்றிட்ட நகலிலிருந்தே எடுக்க வேண்டும்; செவிவழிச் செய்தி ஆகாது. முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் சேர்த்தே தர வேண்டும். ஒரு பக்கத்தை வெட்டித் தருவது பொய்ச் சாட்சிக்கு ஒப்பு. சாட்சியம் தீர்ப்பு ஆகாது என்பதை முகப்பிலேயே எழுத வேண்டும். தொழிலாளியின் பெயர், ஊர், நோய் ஆகியவை அவர் இசைந்தாலன்றி இடம்பெறலாகாது. நெல்லிவாசல்நாடு போன்ற சிறிய ஊரில் ஊர்ப்பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நீதிபதி தடை விதித்திருந்தால் அதற்குப் பணிய வேண்டும். இவ்வளவும் காத்தபின், ஜமாஅத் மண்டபத்திலும் கிராம சபையிலும் அதனைத் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும்.

தொழில் நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து அறிவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சேர்த்தே கூறுகிறது. உங்கள் ஆலைச் சுவரில் அது தொங்குகிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதன்படி நடவுங்கள். உங்கள் மேலாளர் கூண்டேற வேண்டிய நாளே வராமற் போகலாம். அப்படியும் வந்தால், ஆண்டவனைச் சாட்சியாக வைத்துச் சொல்லக் கூசாத சொல்லை, அடுத்த வீட்டார் படிப்பதற்கு மட்டும் கூசுவானேன்?